ஷாம்பெயினில் குமிழி எங்கே பிறக்கிறது?

கார் பந்தயத்தில் ஜெயித்தவர்கள் மேடையில் நின்று ஷாம்பெயினைப் பீய்ச்சியடிப்பதைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். ஒரு பாட்டிலுக்குள் அவ்வளவு வாயு எப்படிப் போகிறது? கோப்பையில் ஊற்றிய பிறகு குமிழிகள் கண்ட இடத்திலும் எழாமல், ஒரே புள்ளியிலிருந்து சரம் சரமாக மேலே போவது ஏன்? முதல் கேள்விக்கு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அதற்கு நிதானமாக வருகிறேன்.

திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று எத்தனாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடும் என்பது பள்ளிப் பாடம். சாதாரண ஒயினில் இந்த வாயு காற்றோடு போய்விடும். பிரான்சின் வடகிழக்கில் உள்ள ஷாம்பெயின் வட்டாரம் குளிர் அதிகமான பகுதி. அங்கே சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே குளிர்காலம் வந்துவிடும். ஈஸ்ட் சாகாது, வேலையை மட்டும் நிறுத்திவிடும். நொதித்தல் முடிந்தது என்று நினைத்து ஒயினை அடைத்துவிடுவார்கள். மார்ச் பிறந்து கொஞ்சம் வெப்பம் ஏறியதும் ஈஸ்ட் மறுபடியும் விழித்து மிச்சச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். இப்போது வாயு வெளியேற வழி கிடையாது. ஒயினிலேயே கரைந்து நிற்கும்.

இந்த வேலையைச் செய்வது ஈஸ்ட் என்னும் உயிர்தான் என்று லூயி பாஸ்டர் நிறுவியது 1850களின் இறுதியில். அதற்கு முன்பு ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். மார்ச் மாத வளர்பிறையில், பௌர்ணமியை ஒட்டி அடைத்தால்தான் ஒயின் நுரைக்கும் என்பது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த நம்பிக்கை. அப்படி அடைத்தவர்களுக்கு ஒயின் நுரைக்கவும் செய்தது. அது மார்ச் மாத வெப்பம் செய்த வேலை, நிலவுக்கு அதில் பங்கே இல்லை. நம் ஊரில் அமாவாசையோடும் பௌர்ணமியோடும் முடிச்சுப் போடப்பட்ட பல நம்பிக்கைகள் இப்படித்தான் நிலைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன். பலன் கிடைத்துவிடுகிறது, அதனால் காரணத்தைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. அதே மார்ச்சில் தேய்பிறையிலும் சில பாட்டில்களை அடைத்துப் பார்த்திருந்தால் விஷயம் அப்போதே தெரிந்திருக்கும்.

ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் டோம் பெரிஞோன் என்ற துறவி என்று பலரும் சொல்வார்கள். 1668 முதல் ஓவிலே மடத்தின் ஒயின் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். திராட்சைகளைத் தேர்ந்து கலப்பதில் பெரிய கெட்டிக்காரர், உண்மைதான். ஆனால் குமிழியை அவர் ஒரு குறையாகவே பார்த்தார், அது வராமல் தடுக்கத்தான் பாடுபட்டார். சர்க்கரையோ சர்க்கரைப் பாகோ சேர்த்து ஒயினை நுரைக்க வைக்கும் வழக்கத்தை 1662இலேயே லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் பதிவு செய்தவர் கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தில் இது சாத்தியமானதற்குக் காரணம் அங்கிருந்த கண்ணாடி. கப்பல் கட்ட மரம் வேண்டும் என்பதற்காக, கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதற்கு 1615இல் தடை வந்தது. உலைகள் நிலக்கரிக்கு மாறின. சூடு கூடியது, பாட்டிலும் உறுதியானது.

பிரான்சில் பாட்டில்கள் அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து வெடிக்கும். மோசமான ஆண்டுகளில் பாதிக்கு மேல் போய்விடும். நிலவறையில் வேலை செய்தவர்கள் முகத்தில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டார்கள். 1836 வாக்கில் ழான்-பப்திஸ்த் பிரான்சுவா என்ற மருந்தாளுநர், ஒயினில் மிச்சம் இருக்கும் சர்க்கரையை அளந்து, இன்னும் எவ்வளவு சேர்க்கலாம் என்று கணக்குச் சொன்னார். பிறகு வெடிப்பது பெருமளவு குறைந்தது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். இன்று 24 கிராம் சேர்க்கிறார்கள். அதாவது 6 வளிமண்டலம், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டரை மடங்கு. முக்கால் லிட்டர் பாட்டிலில் சுமார் 9 கிராம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். வெளியே விட்டால் 5 லிட்டர் இடத்தை அது அடைத்துக்கொள்ளும். வாசகரின் முதல் கேள்விக்கு விடை இதுதான்.

செத்த ஈஸ்ட் பாட்டிலுக்குள்ளேயே வண்டலாகத் தங்கும். 27 வயதில் கணவரை இழந்து அவருடைய ஒயின் தொழிலைக் கையில் எடுத்த பார்ப்-நிக்கோல் கிளிக்கோவின் நிலவறையில் இதற்கு வழி பிறந்தது. பாட்டில்களைத் துளையிட்ட பலகையில் தலைகீழாகச் செருகி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிட்டால் வண்டல் கழுத்துக்கு இறங்கிவிடும். பிற்பாடு கழுத்தை மட்டும் உறைய வைக்கும் முறை வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் அழுத்தமே வண்டலை ஐஸ் கட்டியோடு வெளியே தள்ளிவிடும்.

சரி, இப்போது கோப்பைக்கு வருவோம். தக்கையைத் திறந்த கணமே அழுத்தம் போய்விடுகிறது. அழுத்தம் குறைந்தால் திரவத்தில் கரையும் வாயுவும் குறையும் என்பது ஹென்றி விதி. அதன்படி, இனி அவ்வளவு வாயு திரவத்தில் கரைந்திருக்க முடியாது. வெளியே வந்தாக வேண்டும். ஆனால் வருவது அவ்வளவு சுலபம் இல்லை.

திரவத்தின் நடுவே ஒரு குமிழி புதிதாகத் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அது மிகச் சிறியதாகத்தான் இருக்க முடியும். சுற்றியுள்ள திரவத்தின் பரப்பு இழுவிசை அதை எல்லாப் பக்கமும் நெருக்கும். ஆரம் குறையக் குறைய இந்த நெருக்கல் கூடும். ஆரம் 0.2 மைக்ரோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு) என்றால், நெருக்கல் மட்டுமே 5 வளிமண்டலம் அளவுக்குப் போய்விடும். அதைவிடச் சிறிய குமிழியில், கரைந்த வாயுவின் தள்ளலை இந்த நெருக்கல் மிஞ்சிவிடும், அதனால் வாயு உள்ளே நுழைய முடியாது. உள்ளே இருப்பதும் திரவத்துக்கே திரும்பிவிடும். பெரிதானால்தான் பிழைக்கலாம், பிழைத்தால்தான் பெரிதாகலாம். அதனால் வெறும் திரவத்துக்குள் குமிழி பிறப்பதே இல்லை.

பிறகு எங்கே பிறக்கிறது? கண்ணாடியில் உள்ள கீறல்களில் என்று வெகுகாலம் நம்பினார்கள். பிரான்சின் ரீம்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஜெரார் லிஜே-பெலேர் நுண்ணோக்கியோடு அதிவேகக் கேமராவைப் பொருத்திப் பார்த்தார். பெரும்பாலான சரங்கள் தொடங்கிய இடத்தில் இருந்தது கீறல் இல்லை, ஒரு நார்த்துணுக்கு! துடைத்த துணியிலிருந்து ஒட்டிக்கொண்டதோ காற்றில் மிதந்து வந்ததோ ஆன செல்லுலோஸ் நார் அது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். உள்ளே குழல்போலப் பொந்து. ஒயினை ஊற்றும்போது அந்தக் குழலுக்குள் சிறிது காற்று சிக்கிக்கொள்கிறது.

அந்தக் காற்று அந்த 0.2 மைக்ரோமீட்டர் தடையைத் தாண்டும் அளவுக்கு ஏற்கெனவே பெரியது. கார்பன் டை ஆக்சைடு அதற்குள் ஊறி வருகிறது. காற்றுப்பை நீண்டு குழலின் வாய்க்கு வந்ததும் நுனி குமிழியாகக் கழன்றுகொள்கிறது. அப்போது முழுக் காற்றும் போய்விடுவதில்லை, ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். அது திரும்பவும் வளர்கிறது, திரும்பவும் ஒன்று கழல்கிறது. ஊற்றிய புதிதில் ஒரே நார் நொடிக்கு முப்பது குமிழிகள் வரை விடும். கழலும்போது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருக்கும் குமிழி, போகிற வழியெல்லாம் வாயுவை வாங்கிக்கொண்டு மேலே சேரும்போது ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். பெரிதாக ஆக வேகமும் கூடும். அதனால்தான் சரத்தில் அடியில் நெருக்கமாக இருக்கும் குமிழிகள் மேலே போகப் போக விலகித் தெரிகின்றன. ஒரு துணுக்கு நாருக்குள் இவ்வளவு ஒழுங்கான இயக்கம் இருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதற்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பேன். மேலே வந்த குமிழி உடையும்போது மணம் செறிந்த நுண்துளிகளைத் தெறிக்கிறது. கடல் நுரையின் குமிழிகளும் இதே விதமாகத்தான் உடைந்து உப்புத் துகள்களைக் காற்றில் ஏற்றுகின்றன. மேகம் உருவாவதில் அந்தத் துகள்களுக்குப் பங்கு உண்டு. கோப்பையில் ஆராய்ந்த இயற்பியல் கடலுக்கும் பொருந்தும்.

வாசகர் இதைச் சோதிக்க ஷாம்பெயின் வாங்க வேண்டியதில்லை, சோடாவே போதும். ஒரு கண்ணாடித் தம்ளரை நன்றாகக் கழுவித் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். இன்னொன்றின் உட்புறத்தைப் பருத்தித் துணியால் அழுத்தித் துடையுங்கள். இரண்டிலும் சோடாவை ஊற்றி, ஆரம்ப நுரை அடங்கியதும் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். துடைத்த தம்ளரில் சரங்கள் அதிகம் தெரியும். அவற்றில் ஒன்றின் அடியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடினால் நார் சிக்கினாலும் சிக்கும்.