ஸ்பீட் மெட்டல்: தமிழில் முடுகு மெட்டல்

மின்கிட்டாரும் டிரம்மும் அதிரும் ராக் வகையான ஹெவி மெட்டல் இசையின் ஒரு கிளைதான் ஸ்பீட் மெட்டல். வேகமாக வாசித்தால் மட்டும் இந்தப் பெயர் வந்துவிடாது; பங்க் இசையும் வேகமானதுதான். கிட்டார் தந்திகளை உள்ளங்கை ஓரத்தால் லேசாக அமுக்கிக்கொண்டு மேலும் கீழுமாக இடைவிடாமல் மீட்ட வேண்டும். டிரம் வாசிப்பவர் இரண்டு கால்களாலும் மாறி மாறி மிதிக்க வேண்டும். அதற்கு மேலே, வார்த்தைக்கு வார்த்தை மெட்டு கெடாமல் உச்சக் குரலில் பாட வேண்டும். மெட்டைக் குறைத்து முரட்டு அடியைக் கூட்டினால் அது த்ராஷ் மெட்டல் பக்கம் போய்விடும்.

ஸ்பீட் என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் வெற்றி, செழிப்பு. விரைவு என்ற பொருள் பிறகு வந்து, பழையதை ஓரங்கட்டிவிட்டது. மெட்டல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அது சுரங்கத்தைக் குறித்தது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து உலோகம் என்றானது.

இந்த இசை எப்படிப்பட்டது என்று அறிய நான் கைகாட்டுவது ஹெலோவீன் குழுவின் முதல் முழு ஆல்பமான ‘வால்ஸ் ஆஃப் ஜெரிக்கோ’. 1982இல் சோலிங்கன் நகரத்து அக்செப்ட் குழு ‘ஃபாஸ்ட் அஸ் எ ஷார்க்’ பாடலில் ஜெர்மானிய இசைக்கு இந்த வழியைத் திறந்துவிட்டிருந்தது. ஹாம்பர்க் நகரத்து ஹெலோவீன் அதே பாதையில் இன்னும் விரைந்து ஓடியது. 1985இல் நாய்ஸ் நிறுவனம் இந்த ஆல்பத்தை வெளியிட்டது. தயாரித்தவர் ஹாரிஸ் ஜான்ஸ். காய் ஹான்சன் பாடிக்கொண்டே கிட்டாரும் வாசித்தார். இன்னொரு கிட்டார் மிஷாயேல் வைகாத், பேஸ் மார்க்குஸ் குரோஸ்கோப், டிரம் இங்கோ ஷ்விஷ்டன்பெர்க்.

‘ரைட் தி ஸ்கை’ பாடலைக் கேளுங்கள். குரல் ஒரு வரியை முடிப்பதற்குள் டிரம் அடுத்த வரிக்குள் போயிருக்கும். ஆனாலும் மெட்டு தடுமாறாது. ஒருமுறை கேட்டாலே முணுமுணுக்கலாம். கடைசிப் பாடல் ‘ஹவ் மெனி டியர்ஸ்’ ஏழு நிமிடம் ஓடும். நடுவில் வேகத்தை அடக்கி, அமைதியாக மீட்டிவிட்டு, மறுபடியும் பாய்வார்கள். அந்த இறக்கம் இருப்பதால்தான் பாய்ச்சலின் வேகம் உடம்பில் உறைக்கிறது. எனக்கு இந்த ஆல்பத்தில் ஆகப் பிடித்த இடம் அதுதான். ஒலிப்பதிவு கொஞ்சம் கரகரப்பானது. அந்தக் கரகரப்பும் இந்தப் பாடல்களுக்கு வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வேக உலோகம்’ என்று சிலர் எழுதுவார்கள். படிப்பவருக்கு அதில் இசையே தெரியாது. ஹெவி மெட்டலுக்கு நேர்ச் சொல்லான ‘கன உலோகம்’ என்பதும் ஈயம், பாதரசம் போன்றவற்றுக்கு வேதியியலில் ஏற்கெனவே வழங்கும் சொல். ஜாஸ், ராக் போல மெட்டலும் ஓர் இசையின் பெயர். அதை அப்படியே விட்டுவிடலாம்.

ஸ்பீடுக்குத்தான் நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: முடுகு. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் இருபது வண்ணங்களில், அதாவது செய்யுளின் ஓசை வகைகளில், முடுகு வண்ணம் ஒன்று. அடி இங்கே முடிகிறது என்று தெரியாதபடி, நாற்சீர் அடியின் எல்லையைத் தாண்டி ஓடும் ஓசை அது. திருப்புகழ் பாடுகிறவர்களுக்கும் முடுகு பழக்கமான சொல். வேகம் ஓடுகிற வண்டிக்கும் பொருந்தும், வீசுகிற காற்றுக்கும் பொருந்தும்; முடுகு என்றால் சந்தத்தின் நெருக்கமும் விரைவும் சேர்ந்தே வந்துவிடும். துரித மெட்டல் என்றாலும் தவறில்லை, ஆனால் துரிதத்தில் அந்த நெருக்கம் இல்லை. ஆகவே முடுகு மெட்டல் என்றே எழுதலாம்.

ஆல்பத்தின் பெயரைத் தமிழாக்க நினைப்பவர்கள் ஜெரிக்கோ என்று எழுதத் தேவையில்லை. தமிழ் விவிலியத்தில் அந்த ஊர் எரிகோ. எக்காளம் முழங்க, மக்கள் ஆர்ப்பரிக்க, அதன் மதில் இடிந்து விழுந்த கதை யோசுவா நூலில் இருக்கிறது. ‘எரிகோவின் மதில்கள்’ என்றால் போதும்.

ஹெலோவீனின் எல்லா ஆல்பங்களுக்கும் முடுகு மெட்டல் என்ற பெயர் பொருந்தாது. அப்புறம் மிஷாயேல் கிஸ்கே பாடகராகச் சேர்ந்தார். 1987இல் வந்த அடுத்த ஆல்பத்தில் மெட்டும் கோரஸும் விரிந்து, இசை பவர் மெட்டல் ஆனது. முடுகு மெட்டல் என்று தயங்காமல் சொல்லத்தக்கது எரிகோதான்.