அந்த ஜெல் மெத்தை அல்ல

போன வாரமும் எங்கள் கதிர்வீச்சு அறைக்கு ஒரு அக்கா வந்தார். புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்த இடத்தில் கதிர்வீச்சு நடக்கிறது. தழும்பு முழுக்கத் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெய். ஜெல் தகட்டை வைத்தால் நிற்கவில்லை, வழுக்கியது. கேட்டால், "கரண்டு வைக்கும்போ தோலு வெந்திரும்லா, அதுக்குத்தான நீங்களும் மெத்தை வைக்கிய? மைனிதான் தேச்சுவிட்டாவ" என்கிறார்.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் யாரைக் கேட்டாலும் இந்த மெத்தைக் கதைதான். எத்தனை முறை சொன்னாலும் மாறவில்லை. அதனால் நிதானமாகவே சொல்கிறேன். நாங்கள் போலஸ் என்று சொல்லும் அந்த ஜெல், தோலைக் காப்பாற்ற வைப்பதில்லை. கதிரைத் தோலுக்குக் கொண்டுவரத்தான் வைக்கிறோம்.

6 மெகாவோல்ட் எக்ஸ் கதிர் தோலில் பட்டதும் முழு அளவைக் கொடுத்துவிடாது. சுமார் 1.5 செ.மீ. உள்ளே போன பிறகுதான் உச்சம். ஆழத்தில் கட்டி இருப்பவருக்கு அது வரம், மேல்தோல் தப்பிக்கும். நோயே தோலிலோ தழும்பிலோ இருந்தால்? அங்கே தோல் தப்பிக்கவே கூடாது. அதனால்தான் சதையைப் போன்ற அடர்த்தியுள்ள ஜெல்லை அரை செ.மீ. அல்லது ஒரு செ.மீ. கனத்தில் மேலே வைக்கிறோம். ஏறவேண்டிய அளவு ஜெல்லுக்குள்ளேயே ஏறி, தோலுக்கு வரும்போது உச்சத்தை நெருங்கிவிடும். ஜெல் வைத்த இடம் கூடுதலாகச் சிவக்கும். அது எதிர்பார்த்ததுதான்.

"திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில சித்தப்பாவுக்கு இதொண்ணும் வைக்கலியே?" என்று அங்குள்ள புற்றுநோய் மையத்தைக் காட்டிச் சண்டைக்கு வராதீர்கள். அவருக்கு நோய் தொண்டையின் ஆழத்தில்.

எங்களைப் பாடாய்ப்படுத்துவது ஜெல்லுக்கும் தோலுக்கும் நடுவே நிற்கும் காற்று. மூக்கோரம், காதுமடல், தழும்பின் மடிப்பு எங்கும் தகடு தூக்கிக்கொள்ளும், அந்த இடத்தில் தோலுக்குப் போகும் அளவு குறையும். ஈரத்துணி, மெழுகு என்று பலதும் வைத்துப் பார்த்த துறை இது. இப்போது தோலிலேயே ஒட்டிக்கொள்ளும் ஹைட்ரோஜெல்லை ஆய்வகங்களில் உருவாக்கிவருகிறார்கள். பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அடர்த்தி சதைக்கு அருகில் வரும், வளைவுக்கு ஏற்ப வளையும். ஆனால் காற்றுப்பட்டால் காயும், காய்ந்தால் கனம் குறையும், நாங்கள் போட்ட கணக்கு தப்பும். மூச்சு விட்டாலும் வியர்த்தாலும் நகரக் கூடாது, அதேசமயம் புண்ணாகிப்போன தோலை உரிக்காமல் கழன்று வரவும் வேண்டும். ஈரத்திலும் பிடி விடாத பசைக்கு, நம் கடியபட்டணத்துப் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியின் புரதத்தைப் பார்த்துப் படித்தவர்கள் உண்டு. அருமையான வேலை. எனக்கும் அது சீக்கிரம் கைக்கு வர வேண்டும் என்றுதான் ஆசை.

அதற்காக, "ஒட்டுற ஜெல் வந்த பொறவு வாறோம்" என்று சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் பெருகும். இருக்கிற ஜெல்லே, சரியாகப் படிந்தால், வேலையைச் செய்யும்.

சிகிச்சைக்கு வரும்போது எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். கற்றாழையைக் கீறி நீங்களாக ஒட்டவே ஒட்டாதீர்கள். குளிக்கலாம், தேய்க்கக் கூடாது. கதிர் விழும் இடத்துக்கு அடையாளமாகத் தோலில் நாங்கள் போட்ட கோடுகளை அழிக்காதீர்கள். தோல் உரிந்து நீர் கசிந்தால் அன்றைக்கே காட்டுங்கள், களிம்பு நாங்கள் தருவோம். படுத்திருக்கும்போது ஜெல்லின் ஓரம் தூக்குவதாகத் தோன்றினால் கையால் அமுக்க வேண்டாம், அசையாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெளியே எங்களுக்குக் கேட்கும். மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே வந்து சரிசெய்வோம்.