‘இது என் இடம்தானா?’ என்ற ஐயமும் ஒரு மணி நேர மருந்தும்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு படிக்கும் கறுப்பின மாணவிக்கு ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்துவிடுகிறது. அதே மதிப்பெண் பெற்ற வெள்ளையின மாணவர் ‘சரியாகப் படிக்கவில்லை’ என்று எண்ணிக் கடந்துவிடக்கூடும். தன்னைப் போன்றவர்கள் மிகச் சிலரே உள்ள வகுப்பில் அமர்ந்திருக்கும் அவளுக்கோ, ‘என்னைப் போன்றவர்களுக்கு இது இடமில்லையோ’ என்ற இன்னொரு விளக்கமும் எழுகிறது. இதை மனவலிமைக் குறைவு என்று சொல்வது அநியாயம். தலைமுறைகளாக வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த ஐயம் காரணத்தோடுதான் வருகிறது.

ஐயம் தேர்வு அறையிலேயே கவனத்தைத் தின்னக்கூடும் என்று க்ளாட் ஸ்டீல், ஜோஷுவா அரான்சன் ஆகிய உளவியலாளர்கள் 1995இல் வாதிட்டனர். அந்த விளைவின் அளவு குறித்து இன்றும் விவாதம் நடக்கிறது. மெதுவாக வேலை செய்யும் இன்னொரு வழியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஐயமுற்ற மாணவி பேராசிரியரைத் தேடிப்போய்ச் சந்தேகம் கேட்பதில்லை, சேர்ந்து படிக்கும் குழுவில் இணைவதில்லை. அதனால் நட்பும் வழிகாட்டுதலும் கிட்டாமல் போக, அந்தத் தனிமையே ஐயத்துக்குப் புதிய சான்றாகிவிடுகிறது.

இந்தச் சுழலை அதன் தொடக்கத்திலேயே தளர்த்த முடியுமா என்று கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் சோதித்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். முதலாண்டு மாணவர்கள் 92 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்கள் படிக்கத் தரப்பட்டன: தொடக்கத்தில் எல்லா இனத்தவரும் அந்நியமாக உணர்ந்தார்கள், காலப்போக்கில் அது தணிந்தது என்பதே அவற்றின் சாரம். பிறகு அவர்கள் தம் சொந்த அனுபவத்தை அதனுடன் இணைத்துக் கட்டுரை எழுதி, வருங்கால மாணவர்களுக்காக ஒளிப்பதிவுக் கருவியின் முன் பேசினார்கள். இந்தக் கடைசிப் பகுதி மிக நுட்பமானது. உதவி பெறுபவராக அல்லாமல் உதவி செய்பவராக அமரவைக்கப்பட்டதால், ‘உனக்குக் குறை இருக்கிறது’ என்ற செய்தி யாரையும் சென்றடையவில்லை.

மொத்தம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஆயினும் அடுத்த மூன்றாண்டுகளில் இப்பயிற்சி பெற்ற கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்தது. பயிற்சிக்குப் பிந்தைய நாள்களில் பங்கேற்பாளர்கள் தந்த அன்றாடக் குறிப்புகள் காரணத்தைக் காட்டின. துன்பங்கள் குறையவில்லை, ஒரு மோசமான நாள் ‘நான் இங்கே உரியவள் அல்ல’ என்ற தீர்ப்பாக மாறுவது மட்டும் நின்றிருந்தது.

இதை மந்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 22 கல்வி நிறுவனங்களில் சுமார் 27,000 மாணவர்களைக் கொண்டு நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வில், மாணவரின் சமூகப் பிரிவைச் சேர்ந்தோர் ‘இது என் இடம்’ என்று உண்மையிலேயே உணர வாய்ப்பளித்த கல்லூரிகளில்தான் இப்பயிற்சி பலன் தந்தது. வளராத மண்ணில் விதையைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆகவே ஆலோசனை உளவியலாளரின் பணி அறைக்குள் முடிவதில்லை. எந்தத் துறையில் எவர் விலகுகிறார்கள் என்று கவனித்து, நிர்வாகத்திடமும் ஆசிரியர்களிடமும் அவர் பேசியாக வேண்டும்.

முதல் ஆய்வில் பங்கேற்றவர்களை 7 முதல் 11 ஆண்டுகள் கழித்து மீண்டும் அணுகியபோது, பயிற்சி பெற்ற கறுப்பினத்தவர் வாழ்க்கையில் கூடுதல் நிறைவு இருப்பதாகக் கூறினர். அந்த நிறைவு மதிப்பெண்ணைவிட, கல்லூரியில் கிடைத்த வழிகாட்டிகளின் உறவோடு பிணைந்திருந்தது. இதை அறிந்த ஆலோசகர், மாணவியின் மனக்குறையைக் கேட்டு முடித்த பின், “இந்த வாரம் எந்தப் பேராசிரியரைப் போய்ப் பார்க்கப் போகிறீர்கள்?” என்று கேட்பார்.