கார் நிறுவனத்தின் சின்னத்தை நம்பி ஆயில் மாற்றாமல் விடுபவர்களுக்கு

ஆயில் மாற்றாததால் பாழான இன்னோர் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். வண்டி பழையதும் அல்ல. நம்பகத்தன்மைப் பட்டியல்களில் ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கும் ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு. வால்வ் கவரைக் கழற்றியபோது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் முழுக்க ஆயில் தார் போல உறைந்து கிடந்தது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பை இறக்கிப் பார்த்தால், பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்தில் இருக்கும் வலையின் கண்கள் முக்கால்வாசி அடைபட்டிருந்தன. விரலால் வழித்தபோது கருப்புக் கசடோடு, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் செம்பு நிறத் துகள்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று உரிமையாளரிடம் கேட்டதற்கு, "இந்தக் கம்பெனி வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்றுதானே வாங்கினோம்" என்றார். நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறி மாறி, இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பட்டியலில் முதலிடம் என்பதற்கு என்ன பொருள் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதை மேற்கோள் காட்டாதவர் இல்லை, படித்துப் பார்த்தவரோ அரிது. அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவரின் வாகன நம்பகத்தன்மை ஆய்வு, வாங்கி மூன்று ஆண்டுகள் ஆன வண்டிகளின் முதல் உரிமையாளர்களிடம் கேட்டு, 100 வண்டிகளுக்கு எத்தனை குறைகள் என்று கணக்கிடுகிறது. 2025ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில் ஒட்டுமொத்தச் சராசரி 202. முதலிடம் பிடித்த, டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்சஸின் எண் 140. வண்டி ஒன்றுக்கு என்று வகுத்துப் பாருங்கள்: சராசரி வண்டியில் இரண்டு குறைகள், முதலிட வண்டியில் ஏறத்தாழ ஒன்றரை. இடைவெளி ஒரு முழுக் குறைகூட இல்லை. அந்தக் குறைகளில் மிக அதிகமாக வருவது எது தெரியுமா? இன்ஜினும் அல்ல, கியர்பாக்ஸும் அல்ல. தொடுதிரையும் பாட்டுப் பெட்டியும் சார்ந்த புகார்கள்தான். கைப்பேசி வண்டித் திரையோடு இணைய மறுப்பது அந்தக் கணக்கில் ஒரு குறை; கியர்பாக்ஸ் கழன்று விழுந்தாலும் அதுவும் ஒரு குறை.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, அந்த ஆய்வு கேட்காத கேள்வி. மூன்று ஆண்டு வண்டிகளில் பெரும்பாலானவை உத்தரவாதக் காலத்துக்குள் இருப்பவை அல்லது அதை அண்மையில் கடந்தவை. உத்தரவாதம் போய்விடுமே என்ற அச்சத்திலாவது உரிமையாளர்கள் சர்வீஸுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆகவே பட்டியல் சொல்வதெல்லாம், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட வண்டி தொடக்க காலத்தில் எப்படி நடந்துகொண்டது என்பதை மட்டுமே. பராமரிக்கப்படாத வண்டி எட்டாம் ஆண்டில் என்ன ஆகும் என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. பராமரிப்பால் கிடைத்த நற்பெயரையே பராமரிக்காமல் இருப்பதற்குச் சாக்காகக் காட்டுவதை என்னவென்று சொல்வது! அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் வெளியிடும் தரவு, மாடல் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் பிரிந்திருப்பதாலும், பெரிய பழுதுக்குக் கூடுதல் எடை தருவதாலும் சற்று உருப்படியானது. ஆனால் அங்கேயும் நம்மவர்கள் நிறுவனங்களின் தரவரிசையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், உள்ளே இருக்கும் மாடல் பக்கத்தைத் திறப்பதில்லை.

நிறுவனத்தின் சின்னம் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2005 முதல் செக் குடியரசின் கோலின் நகரில் ஒரே தொழிற்சாலையில் ஒரே சிறிய கார் தயாரானது; அதன் முகப்பில் டொயோட்டா ஐகோ, பியூஜோ 107, சிட்ரோயன் சி1 என்று மூன்று பெயர்கள் ஒட்டப்பட்டன. வெளித்தோற்றத்தைத் தவிர்த்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றே. அதேபோல 2019இல் வெளிவந்த டொயோட்டா ஜிஆர் சுப்ராவின் உள்ளே இருப்பது பிஎம்டபிள்யூ இன்ஜின். டொயோட்டா ஜிஆர் 86 வண்டியைத் தயாரிப்பது சுபாரு. சின்னத்தைப் பார்த்து நம்புகிறவர், இவற்றில் யாரை நம்புகிறார் என்று எனக்குப் புரிவதில்லை.

இனி, நல்ல பெயர் எடுத்த நிறுவனமே சறுக்கிய கதை. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க்ஷாஃப்டையோ இன்ஜின் பிளாக்கையோ கடைந்தெடுக்கும்போது விழும் உலோகச் சீவல்கள் முழுமையாகக் கழுவப்படாமல் உள்ளே தங்கிவிட்டால், அவை ஆயிலோடு ஓடி பேரிங்கைத் தின்றுவிடும். இந்தக் காரணத்துக்காகத்தான் 2015இல் ஹூண்டாய் தனது தீட்டா 2 இன்ஜின் பொருத்திய சொனாட்டா கார்களை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. அப்போது ஏளனம் செய்தவர்கள் பலர். 2024இல் ஏறத்தாழ இதே காரணத்தைச் சொல்லி டொயோட்டா, இரட்டை டர்போ வி6 இன்ஜின் கொண்ட டுண்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளில் சுமார் 1,02,000ஐத் திரும்ப அழைத்தது. அதே நிறுவனத்தின் மற்ற இன்ஜின்கள் பல அந்தக் குறை இன்றி ஓடிக்கொண்டிருந்தன. எந்த நிறுவனம் என்று கேட்பதைவிட எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்த ஆண்டு என்று கேட்டால்தான் விடை கிடைக்கும் என்று ஒர்க்ஷாப்புகளில் இருப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

கியர்பாக்ஸிலும் இதே நிலைதான். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக், பிஎம்டபிள்யூ முதல் ஜீப் வரை பல சின்னங்களின் கீழ் ஓடுகிறது. அந்த வண்டிகளை விற்கும் சில நிறுவனங்கள் கியர்பாக்ஸ் ஆயிலை 'ஆயுள் முழுமைக்கும் மாற்ற வேண்டாம்' என்று எழுதிவிடுகின்றன. அதைத் தயாரித்த இசட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்பதைக் கையேடு விளக்குவதில்லை. தயாரித்தவர் சொல்வதைக் கேளுங்கள்.

நம்பகத்தன்மை என்பது உரிமையாளரின் கையிலும் இருக்கிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது, ஆயிலுக்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட் (கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியைக் கேம்ஷாஃப்டுக்குக் கடத்தும் பட்டை). ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பியூஜோ-சிட்ரோயன் வண்டிகளின் 1.2 பியூர்டெக் ஆகிய இன்ஜின்களில் உராய்வைக் குறைப்பதற்காக இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். ரப்பர் பெல்ட் சூடான ஆயிலில் நனைந்துகொண்டே ஓடுகிறது. குறுகிய தூர ஓட்டங்களால் ஆயிலில் பெட்ரோல் கலந்தாலோ, கையேட்டில் சொல்லாத ஆயிலை ஊற்றினாலோ, மாற்றும் காலத்தைத் தள்ளிப்போட்டாலோ, அந்த ரப்பர் உப்பி, விளிம்பு பிய்ந்து, துகள் துகளாக உதிர்கிறது. உதிர்ந்தது எங்கே போகும்? நான் மேலே சொன்ன அதே வலைக்குத்தான். பெல்ட் அறுவதற்கு முன்பே ஆயில் அழுத்தம் விழுந்து இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது இறுகிச் சுழலாமல் நின்றுவிடுவதும் உண்டு. வடிவமைப்பில் குறை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஃபோர்டு பிற்காலத்தில் செயினுக்கு மாறியது, பியூர்டெக்குக்கு உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை 2024இல் நீட்டித்தார்கள். ஆனால் அந்த நீட்டிப்புக்கும் ஒழுங்கான சர்வீஸ் ஆவணம் கேட்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். இதே இன்ஜினில் உரிய காலத்தில், உரிய ஆயிலை ஊற்றி வந்தவர்களின் பெல்ட்டையும் கழற்றிப் பார்த்திருக்கிறேன். விளிம்பு கூர்மையாகவே இருந்தது.

எலக்ட்ரானிக்ஸ் கூடினால் பழுதும் கூடும் என்று பேசுபவர்களுக்கு ஒரே ஒரு செய்தி. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸின் 2023 ஆய்வில், சாதாரண ஹைபிரிட் வண்டிகளில் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் கொண்டவை) பெட்ரோல் வண்டிகளைவிட 26 விழுக்காடு குறைவான பிரச்சினைகளே பதிவாயின. வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் ஹைபிரிட்டுகளிலோ 146 விழுக்காடு அதிகம். இரண்டிலும் மோட்டார் உண்டு, பேட்டரி உண்டு. தேறிய வடிவமைப்பா, புதிய வடிவமைப்பா என்பதே கணக்கு. ஆகவே முற்றிலும் புதிதாக வடிவமைத்த வண்டியை வெளிவந்த முதல் ஆண்டிலேயே முந்திக்கொண்டு வாங்காதீர்கள். இரண்டாண்டு பொறுத்தால் பிறருடைய வண்டிகளில் குறைகள் தெரிந்துவிடும்.

இனிச் செய்ய வேண்டியவை. ஆயில் மாற்றும் இடைவெளியைக் கையேட்டில் பார்க்கும்போது, 'கடினமான பயன்பாடு' என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். நெரிசலில் ஊர்வது, இன்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் குறுகிய ஓட்டம், தூசி, கடும் வெப்பம் எல்லாம் அதில்தான் வரும். உங்கள் வண்டி அந்தக் கட்டத்தைச் சேர்ந்ததுதான்; இல்லை என்று என்னோடு வாதாடாதீர்கள். கிலோமீட்டர் ஓடவில்லையே என்பதும் பதிலாகாது, நிற்கும் வண்டியிலும் ஆயில் கெடும். மாதம் ஒருமுறை, ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். இன்றைய டர்போ இன்ஜின்கள் சில, சர்வீஸ் வரும் முன்பே ஒரு லிட்டரைக் குடித்துவிடும், விளக்கு எரியும்போது காலம் கடந்திருக்கும். சிவப்பு ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால் பாதுகாப்பான ஓரத்தில் அந்த நொடியே இன்ஜினை அணையுங்கள். 'வீடு பக்கத்தில்தான்' என்று ஓட்டி வந்தவர்களின் இன்ஜின்களைத்தான் நாங்கள் பிரிக்கிறோம்.

வண்டியின் பழுதைப் படிக்கும் ஸ்கேனர் காட்டும் குறியீட்டைக் கைப்பேசியில் தேடிவிட்டு, இன்ன பாகத்தை மாற்றிக்கொடுங்கள் என்று வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பி0420 என்ற குறியீடு, புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி சரியாகச் செயல்படவில்லை என்ற அறிகுறி மட்டுமே. சைலன்சர் குழாயில் கசிவு இருந்தாலும், பின்பக்க ஆக்சிஜன் சென்சார் தளர்ந்திருந்தாலும் அதே குறியீடுதான் வரும். ஒரே நேரத்தில் ஏழெட்டு எச்சரிக்கைகள் வரிசையாக எரிந்தால், முதலில் 12 வோல்ட் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். 'இந்தக் கம்பெனி எலக்ட்ரானிக்ஸே மோசம்' என்று வந்த வண்டிகள் பல, பேட்டரியை மாற்றியதும் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கின்றன.

பழைய வண்டி வாங்குபவர்கள், இன்ஜின் குறியீட்டையும் தயாரிப்பு ஆண்டையும் குறித்துக்கொண்டு அந்த இணைக்குத் தெரிந்த குறைகளைத் தேடுங்கள். சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். ரசீது இல்லாத நல்ல பெயர் வண்டியைவிட, ரசீதோடு இருக்கும் சுமாரான பெயர் வண்டியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கடைசியாக, உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் திரும்ப அழைப்புப் பக்கத்தில் இன்றே பதிந்து பாருங்கள். டகாட்டா நிறுவனம் தயாரித்த, விபத்தின்போது ஏர்பேக்கை விரிய வைக்கும் ஊதிகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, விரியும்போது உலோகக் கூட்டையே உடைத்துச் சிதறடித்தது. ஹோண்டா, டொயோட்டா, பிஎம்டபிள்யூ, ஃபோர்டு என்று பல சின்னங்கள் தப்பவில்லை, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஊதிகள் திரும்ப அழைக்கப்பட்டன. மாற்றப்படாதவை இன்னும் சாலையில் இருக்கின்றன. மாற்றித் தருவதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் எண் அந்தப் பட்டியலில் இருந்து, 'ஓட்ட வேண்டாம்' என்று எழுதியிருந்தால், தயவுசெய்து ஓட்டாதீர்கள். டீலரை அழைத்து வண்டியை எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.