வலிச்சாத்தான் குணமாகுமா? ஒகேனக்கல் எண்ணெய் மசாஜும் நம் நரம்புகளும்

ஒகேனக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கி அருவிப் பக்கம் நடக்க ஆரம்பித்தால் போதும், கொஞ்ச தூரத்திலேயே யாராவது ஒருவர் எண்ணெய் பாட்டிலோடு பக்கத்தில் வந்து "மசாஜ் பண்ணிக்கிறீங்களா தம்பி?" என்று கேட்டுவிடுவார். பென்னாகரத்தில் வளர்ந்த எனக்கு அந்தக் குரல் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆனாலும் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தப் பாறையில் நான் முதன்முதலாக உட்கார்ந்தது 24 வயதில்தான். லாரி ஓட்டும் என் சித்தப்பா கூட்டிப்போனார். கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாயை வாரத்துக்கு நாலு தடவை ஏறி இறங்குகிற மனிதர், இடுப்பு வலி இல்லாத நாளே அவருக்குக் கிடையாது. "நல்லா அழுத்தச் சொல்லு, வலிச்சாத்தான் உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய போகும்" என்றார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வலிக்கிறது என்று சொல்லக் கூச்சம். மறுநாள் தோள்பட்டை கன்றிப்போய், மூன்று நாள் கையைத் தூக்க முடியவில்லை.

அப்புறம்தான் மசாஜ் செய்யும்போது உடம்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சித்தப்பா சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. மசாஜால் பலன் உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் துணியைப் பிழிந்து அழுக்கை எடுப்பதுபோல அது சதையைப் பிழிந்து எதையும் வெளியேற்றுவதில்லை. அதன் வேலையில் பெரும்பங்கு நடப்பது நரம்பில்.

முதலில் அந்தக் 'கெட்டது' கதையைப் பார்த்துவிடலாம். கடுமையாக உழைத்தால் சதையில் லாக்டிக் அமிலம் தேங்கிவிடும், அதைத்தான் மசாஜ் விரட்டுகிறது என்று பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். கனடாவில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உழைத்த சதையை உடனே பிடித்துவிட்டபோது அந்த அழுத்தமே ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் தடுத்து, லாக்டிக் அமிலம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தியிருக்கிறது. அதைவிட முக்கியம், அந்த அமிலத்தை உடம்பு தானாகவே ஒரு மணி நேரத்துக்குள் அப்புறப்படுத்திவிடும். மாங்காய் சீசனில் நாள் முழுக்கக் கூடை தூக்கியவருக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உடம்பு வலிக்கிறதே, அதற்குக் காரணம் அமிலம் கிடையாது. பழக்கமில்லாத உழைப்பில் சதை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய உடம்பு கிளப்பும் அழற்சியும்தான்.

அந்த அழற்சியில்தான் மசாஜ் கை வைக்கிறது என்று 2012-ல் இன்னொரு ஆய்வு காட்டியது. அதுவும் கனடாதான், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். 11 இளைஞர்களைக் களைத்துப்போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டு, இன்னொரு காலை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு தொடையிலிருந்தும் கடுகளவு சதையை எடுத்துப் பார்த்தார்கள். பிடித்துவிட்ட காலில் அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் குறைந்திருந்தன. செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாக உருவாக்கச் சொல்லும் சமிக்ஞை கூடியிருந்தது. லாக்டிக் அமிலத்தில் எந்த மாற்றமும் இல்லை. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஆனால் ஒரே ஆளின் இரண்டு கால்களை ஒப்பிட்டதால் இதை நான் மதிக்கிறேன்.

சரி, நரம்புக்கு வருவோம்.

கதவில் முட்டி இடித்துக்கொண்டால் உடனே கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்க்கும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனாலும் தேய்த்தால் வலி குறைகிறது. ஏன் என்பதற்கு 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் நரம்பு நார்கள் தடிமனானவை, அவற்றில் செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர்வரை ஓடும். மந்தமாகக் குடையும் வலியைக் கொண்டுபோகும் நார்கள் மெல்லியவை, நொடிக்கு ஒரு மீட்டர்தான். இரண்டும் போய்ச் சேருவது முதுகுத்தண்டில், அங்கே ஒரு வாசல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடுதல் செய்திகள் அதிகமாக வந்தால் அந்த வாசல் வலிச் செய்திக்குப் பாதி சாத்திக்கொள்ளும். மூளைக்கு ஏறுகிற வலி குறைந்துவிடும். இந்தக் கோட்பாட்டில் பின்னால் எத்தனையோ திருத்தங்கள் வந்தன, ஆனால் வாசல் என்ற அடிப்படை இன்னும் நிற்கிறது.

அழுத்துவது நரம்புக்கு எப்படித் தெரிகிறது என்பதே ரொம்ப நாள் புதிராக இருந்தது. 2010-ல் அமெரிக்காவில் ஆர்டெம் படபூட்டியன் என்ற விஞ்ஞானியின் குழு பீசோ என்ற புரதங்களைக் கண்டுபிடித்தது. நரம்பு முனையின் சவ்வில் சின்னக் கதவுகள் மாதிரி உட்கார்ந்திருக்கும். தோல் அழுந்திச் சவ்வு இழுபட்டதும் திறந்து, அயனிகள் உள்ளே பாய, அது மின்சமிக்ஞையாகிக் கிளம்பும். 2021-ல் மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதி இதற்குத்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த விஷயம். நம் தோலில், முக்கியமாக முடி முளைக்கும் பகுதிகளில், மெதுவான வருடலுக்கென்றே தனியாக ஒரு வகை நரம்பு நார் இருக்கிறது. ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் இதை நுணுகிப் பார்த்திருக்கிறார்கள். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புச் சூடுள்ள கை போகும்போது இது மிக நன்றாகத் துடிக்கிறது. அதைவிட வேகமாகத் தேய்த்தால் அடங்கிவிடுகிறது. இதன் செய்தி, எங்கே தொட்டார்கள் என்று கணக்குப் பார்க்கும் மூளைப் பகுதியைவிட உணர்ச்சியோடு தொடர்புள்ள இன்சுலா பகுதிக்குத்தான் அதிகம் போகிறது. நம் பாட்டிகள் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தடவுகிற வேகத்தை ஒருமுறை நின்று கவனியுங்கள், ஏறக்குறைய இந்த வேகம்தான். குறைமாதக் குழந்தைகளை இப்படி மென்மையாக வருடி, கைகாலை மடக்கி நீட்டிவிட்டு 1986-ல் டிஃபனி ஃபீல்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஒரே அளவு பால் குடித்தும், வருடப்பட்ட குழந்தைகளின் எடை மற்றக் குழந்தைகளைவிட நாளுக்கு 47 சதவீதம் அதிகமாக ஏறியது.

பெரியவர்களின் இடுப்பு வலிக்கு நல்ல சான்று 2011-ல் அமெரிக்காவில் வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 401 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவம், மற்றவர்களுக்கு வாரம் ஒன்றாக 10 வாரம் மசாஜ். முடிவில் மசாஜ் செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வலி நன்றாகக் குறைந்தது அல்லது போயேபோய்விட்டது என்றார்கள், வழக்கமான மருத்துவத்தில் 25 பேருக்கு ஒருவர்தான் அப்படிச் சொன்னார். சித்தப்பாவுக்கு நான் அடிக்கடி சொல்வது இதன் இன்னொரு பகுதியை: குறிப்பிட்ட சதையைத் தேடிப்பிடித்து நுணுக்கமாகச் செய்த மசாஜும், உடம்பைத் தளர்த்துவதற்காகச் செய்த சாதாரண மசாஜும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தந்தன. பலன் ஆறு மாதம்வரை தெரிந்தது, ஒரு வருடத்தில் தேய்ந்துவிட்டது. ஆகவே இது நிரந்தரத் தீர்வு கிடையாது, வலி குறைந்திருக்கும் அந்த இடைவெளியில் நடந்து, குனிந்து நிமிர்ந்து இடுப்பைப் பலப்படுத்திக்கொண்டால்தான் நிற்கும்.

இப்போது முதல்முறை போகிறவர்களுக்கு. இடம் ஒகேனக்கல் பாறையாக இருக்கலாம், ஓசூரில் ஏசி போட்ட ஸ்பாவாக இருக்கலாம், அரசு மருத்துவமனை சித்தா பிரிவாகவும் இருக்கலாம். சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், ஒன்றரை மணி நேரமாவது போகட்டும். பிரஷர், சுகர், ஆபரேஷன் நடந்தது, சாப்பிடுகிற மாத்திரை, எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எந்த அளவு துணி களைவது என்பது உங்கள் முடிவு. மூடிய அறையில் செய்யும் இடங்களில் துணியால் போர்த்தி, வேலை செய்யும் பகுதியை மட்டும் திறப்பதுதான் முறை. யாராவது அதற்கு மேல் வற்புறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள், எந்த நிமிடத்திலும் "போதும், நிறுத்துங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எண்ணெய் கை வழுக்கிக்கொண்டு போவதற்காக, தோல் உரசி எரியக்கூடாது என்பதற்காக. முதல் சில நிமிடம் நீளமாகத் தடவுவார்கள், பிறகு பிசைவது, கட்டை விரலால் அழுத்துவது. பத்துக்கு மதிப்பெண் போடுவதாக வைத்துக்கொண்டால், நாலைந்து அளவுக்கு இதமான வலி சரி. மூச்சு நிற்கிறது, விரல் மடங்குகிறது, உடம்பு தானாக விறைக்கிறது என்றால் அது அளவு மீறியது. விறைத்த சதை கையை எதிர்க்கிறது, தளர்த்தத்தான் போனோம் என்பதே அங்கே கெட்டுப்போகிறது. "அண்ணா, கொஞ்சம் மெதுவா" என்ற மூன்று வார்த்தைக்கு எந்த நல்ல கைக்காரரும் கோபப்பட மாட்டார். நடுவில் வயிறு கடமுடவென்று சத்தம் போடலாம், தூக்கம் வரலாம், குறட்டையும் வரலாம். ஓய்வு நரம்பு மண்டலம் மேலோங்கி, இதயத் துடிப்பு இறங்கி, குடல் வேலையைத் தொடங்கியதற்கான அடையாளங்கள் அவை. சிலருக்குக் காரணமே இல்லாமல் அழுகை வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யார் செய்துகொள்ளக்கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காய்ச்சல், தோலில் புண், புதிய எலும்பு முறிவு இருந்தால் வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைச்சதை வலித்தால் அது காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் (ஆழ்நாளத்தில்) ரத்தக்கட்டியாக இருக்கலாம், அதைப் பிசைந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடும் ஆபத்து உண்டு. இது உயிர்ப் பிரச்சினை. மணிக்கணக்கில் உட்கார்ந்தே வேலை செய்கிற டிரைவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம் என்பதால் சித்தப்பா மாதிரி ஆட்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். சலூனில் தலைக்கு மசாஜ் செய்துவிட்டுக் கழுத்தைச் சடக்கென்று திருப்புவதை மட்டும் யாருக்கும் அனுமதிக்காதீர்கள். கழுத்து எலும்புக்குள் மூளைக்குப் போகும் தமனி ஓடுகிறது. அரிதாகத்தான் நடக்கும், ஆனால் அது கிழிந்தால் பக்கவாதம்.

முடிந்ததும் சட்டென்று எழக்கூடாது. ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கும், தலை சுற்றும். ஒரு நிமிடம் உட்கார்ந்து அப்புறம் நில்லுங்கள். தாகமெடுத்தால் தண்ணீர் குடியுங்கள், நச்சைக் கழுவுவதற்காக லிட்டர் கணக்கில் குடிக்கத் தேவையில்லை. மறுநாள் லேசான வலி இருந்தால் இயல்பு, கன்றிப்போனால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம், அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒகேனக்கல்லில் இன்னொன்று. எண்ணெய்க் காலோடு ஈரப்பாறையில் நடப்பது உண்மையிலேயே ஆபத்து, உள்ளங்காலை முதலில் துடைத்துவிட்டுத்தான் அருவிக்கு நகரவேண்டும். தண்ணீர் அதிகமாக வருவதால் குளிக்கத் தடை போட்ட நாளென்றால் அருவிப் பக்கமே போகாமல், வீட்டுக்கு வந்து வெந்நீரில் சீயக்காய் போட்டுக் குளித்துக்கொள்ளலாம்.

சித்தப்பா இப்போதும் மாதம் ஒருமுறை போகிறார். அரை மணி நேரம், மிதமான அழுத்தம். முடிந்ததும் உடனே பைக்கை எடுப்பதில்லை. பக்கத்தில் வறுத்த மீன் வாங்கித் தின்று, தூக்கக் கலக்கம் தெளிந்த பிறகுதான் பென்னாகரம் மலைப்பாதையில் ஏறுகிறார்.