விடியற்காலையில் இமை தொங்கினால்

விடியற்காலை ஐந்து மணி. ஒன்பது வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார் ஒருவர். "மூணு மணியிலேர்ந்து வயித்து வலிங்கறா டாக்டர், ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டா" என்றார். எனக்கு அவள் இமைகள்தான் கண்ணில் பட்டன. "மேல ஃபேனைப் பாரு பாப்பா" என்றேன். நெற்றியைச் சுருக்கிப் புருவத்தை ஏற்றிப் பார்த்தாள். இமை பாதிக்கு மேல் எழவில்லை.

"தூக்கக் கலக்கம்" என்றார் அப்பா.

எங்கே படுத்திருந்தாள் என்று கேட்டேன். தரையில், பாய் விரித்து.

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. அதன் பல் சிறியது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. தூங்குகிறவருக்குக் கடிபட்டதே தெரியாமல் போகலாம். இவள் உடம்பிலும் எவ்வளவு தேடியும் பல் தடம் இல்லை. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனையும் சரியாகவே வந்தது. இந்த விஷம் ரத்தத்தை விட்டுவிட்டு நரம்பைத்தான் தாக்கும்.

இமையைத் தூக்கச் சொல்லி மூளை இடும் கட்டளை நரம்பில் மின்துடிப்பாக ஓடி வருகிறது. ஆனால் நரம்பு தசையோடு ஒட்டியிருப்பதில்லை. நடுவே, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 20,000-இல் ஒரு பங்கு இடைவெளி. அங்கே நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது தசையிலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்டினால்தான் தசை சுருங்கும். கட்டுவிரியன் விஷத்தில் ஒரு நச்சு அந்த ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. இன்னொன்று நரம்பு முனையையே சிதைக்கிறது. மூளைக்கும் ஒன்றும் ஆகவில்லை, தசைக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் செய்தி போய்ச் சேராது. முதலில் இமை, அப்புறம் விழுங்குவது, கழுத்து, கடைசியில் மூச்சை இழுக்கும் உதரவிதானம்.

ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். இருபத்திரண்டு வரை வந்தாள். விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே, அரை மணி நேரம் கழித்து, ஒன்பது. உடனே வென்டிலேட்டரில் இணைத்தோம். ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனைகளை அந்த மருந்தால் மீட்க முடியாது. அவை திரும்ப வளரும்வரை நாம்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும்.

அன்று மாலை அவள் கண்ணின் பாப்பா விரிந்து, டார்ச் அடித்தும் சுருங்கவில்லை. உறவினர்கள் கதற ஆரம்பித்தார்கள். இந்த விஷத்தில் அப்படி ஆவதுண்டு. அதை வைத்து மூளை செத்துவிட்டது என்று முடிவுகட்டவே கூடாது. "அவளுக்குக் காது கேட்கும், பேசுங்க" என்று அப்பாவிடம் சொன்னேன். வீட்டில் குட்டி போட்ட ஆட்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார். மூன்றாம் நாள் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. ஆறாம் நாள் குழாயை எடுத்ததும், கரகரத்த குரலில் அந்தக் குட்டிக்குப் பால் போதுகிறதா என்றுதான் கேட்டாள்.

தரையில் படுத்தவர் விடியலில் வயிற்று வலி என்றாலோ, இமை தொங்கினாலோ, நாக்கு குழறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். விழுங்கும் தசை தளர்ந்திருக்கும், தண்ணீர்கூட வேண்டாம். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே வாருங்கள். கட்டில் இல்லாவிட்டாலும் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக் கட்டிப் படுத்தால் பாம்பு உள்ளே நுழைவது கடினம். மருத்துவமனைக்கு வந்ததும், தரையில் படுத்திருந்தார் என்பதை நாங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.