டொமைன் காலாவதியானால் உடனே போய்விடுமா?

துணிக்கடை நடத்தும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “எட்டு வருடமாக வைத்திருக்கும் டாட் காம் டொமைனை (இணையதளப் பெயரை) ரினியூ செய்ய மறந்துவிட்டேன். பத்து நாளாகத் தளம் திறக்கவில்லை. ஆனால் டொமைன் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூஇஸில் தேடினால் காலாவதித் தேதி அடுத்த வருடம் என்று காட்டுகிறது. பெயர் என்னிடம் இருக்கிறதா, இல்லையா?”

பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால் இன்றே பணம் கட்டுங்கள்.

டொமைனை ‘வாங்கினேன்’ என்கிறோம். உண்மையில் அது, ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 ஆண்டு என்று நாம் போடும் பதிவு ஒப்பந்தம். நாம் பணம் கட்டும் நிறுவனம் ரிஜிஸ்ட்ரார். மூலப் பதிவேட்டை வைத்திருப்பது ரிஜிஸ்ட்ரி, டாட் காமுக்கு வெரிசைன் என்ற நிறுவனம். இருவருக்கும் விதி வகுப்பது, இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் என்ற அமைப்பு. இது சொத்தா, சேவையா என்பதில் நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. சேவை ஒப்பந்தம்தான் என்றது 2000-இல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம். போலிக் கடிதம் கொடுத்துத் திருடப்பட்ட ஒரு டாட் காம் பெயர் வழக்கில், சொத்துதான் என்றது 2003-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம்.

இப்போது அந்த அடுத்த வருடத் தேதிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காலாவதி நாளில் ரிஜிஸ்ட்ரி பெயரை அழிப்பதில்லை. தானாகவே ஒரு வருடம் நீட்டித்து, கட்டணத்தை ரிஜிஸ்ட்ரார் கணக்கில் எழுதிவிடுகிறது. நீங்கள் பணம் கட்டவில்லை என்றால், 45 நாளுக்குள் பெயரை நீக்கி அந்தக் கட்டணத்தை ரிஜிஸ்ட்ரார் திரும்பப் பெறலாம். ஆக, நீங்கள் பார்த்த தேதி அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. உங்கள் ரசீது அல்ல. இந்த நாட்களுக்குள்ளேயே பெயரை ஏலம் விடலாம் என்று பல ரிஜிஸ்ட்ரார்களின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

நீக்கினாலும் பெயர் உடனே பொதுவுக்குப் போய்விடாது. ‘ரிடெம்ப்ஷன்’ நிலையில் 30 நாள் நிற்கும். ரினியூவலைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டி மீட்கலாம். அடுத்த 5 நாள் ‘பெண்டிங் டெலீட்’. அப்போது யாராலும் எதுவும் செய்ய முடியாது. அது முடிந்து பெயர் விடுபடும் நொடியிலேயே அதைப் பதிவு செய்துகொள்ளக் காத்திருக்கும் மென்பொருள்கள் உண்டு.

டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு ஐகேன் விதி உங்களுக்குச் சில உரிமைகளைத் தருகிறது. காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரிஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும். காலாவதியான 5 நாளுக்குள் இன்னொரு முறை. நீங்கள் ரினியூ செய்யக்கூடிய கடைசி 8 நாளாவது தளத்தை நிறுத்தியும் வைக்க வேண்டும். மின்னஞ்சலைப் பார்க்காதவருக்கு அடிக்கும் மணி அது. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே, ஹாட்மெயிலில் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காமை ரினியூ செய்ய மறந்து, ஹாட்மெயில் தடுமாறியது. லினக்ஸ் புரோகிராமர் ஒருவர்தான் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டினார்.

இத்தனை உரிமையும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே. தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்திருந்தால் நினைவூட்டல் அவருக்குத்தான் போகும். வாசகியே, பணம் கட்டிய கையோடு ரிஜிஸ்ட்ரார் கணக்கைத் திறந்து ‘ரிஜிஸ்ட்ரன்ட்’ (பதிவுதாரர்) என்ற இடத்தில் யார் பெயர், எந்த மின்னஞ்சல் என்று பாருங்கள்.